மிரண்ட குதிரையின் முன்னால் ஓர் அரங்கேற்றம்

சுவிஸ் போய் வந்தவர்கள் எல்லாரும் பனிமலைக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி போட்டு நின்ற படத்தைக் காட்டுவார்கள். என்னிடம் அப்படி ஒரு படமும் இல்லை. நான் போனது ஒரு குதிரையைப் பார்க்க. அதுவும் உயிருள்ள குதிரை இல்லை. இருநூறு வருடத்துக்கு முந்திய டென்மார்க் எண்ணெய் ஓவியம் ஒன்றில், கொப்பன்ஹேகன் தெருவில், இடிச்சத்தத்துக்கு மிரண்டு ஓடுகிற குதிரை. இதைச் சொன்னதும் யாழ்ப்பாணத்தில் என் ரியூசன் வகுப்பே சிரித்தது. குதிரை பார்க்க நெடுந்தீவுக்கு வள்ளம் எடுத்தால் போதுமே சேர் என்றாள் முன்வாங்கில் இருந்த ஒருத்தி. வாயை மூடிக்கொண்டு சமன்பாட்டை எழுது என்றேன்.

அந்தக் குதிரைக்கு வைத்தியம் பார்த்தவள் என் மருமகள் ஆரணி. அக்காவின் ஒரே பிள்ளை. லோசானில் பிறந்து, அங்கேயே படித்து, பழைய ஓவியங்களின் பழுதுநீக்குகிற தொழிலுக்குப் போனவள். நான் காலம் முழுக்க இரசாயனம் படிப்பிக்கிறவன் என்பதால் தன் வேலையை என்னோடுதான் கதைப்பாள். எந்த வார்னிஷுக்கு எந்தக் கரைப்பான், அது கீழே இருக்கும் நிறத்தைத் தொடாமல் எப்படி நிறுத்துவது என்று தொலைபேசியில் மணிக்கணக்காகப் போகும். என் வகுப்பில் ஒருவரும் கேட்காத கேள்விகளை அவள் கேட்பாள். பிறகு அன்று முழுக்க எனக்குத் தலைகால் புரியாது.

படத்தின் வேலை முடிந்துவிட்டது, அருங்காட்சியகத்தில் அதைப் பார்வைக்குத் திறக்கும் நாளில் தன்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு நாள் அழைத்தாள். அவளுடைய முதல் பேச்சு. அவள் அங்கே ஒப்பந்தத்தில்தான் வேலை செய்கிறாள். அதை நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்கிற இயக்குநர் அம்மாவும், டென்மார்க்கிலிருந்து ஓர் ஓவிய நிபுணரும் முன்வரிசையில் நிற்பார்கள். 

"அம்மா, அப்பா, நீங்கள். மூண்டு பேர் போதும் மாமா. அப்பா ஊரைக் கூட்டாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேணும்" என்றாள்.

ஓம் என்றேன். என் பயணத்தின் நோக்கம் இவ்வளவுதான். அதில் நான் எப்படித் தோற்றேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

அக்கா குடும்பம் இருக்கிற, லோசானை ஒட்டிய ரெனான் ஸ்ரேசனில் அத்தான் நின்றார். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் காலைவேலை முடித்து அப்படியே வந்திருந்தார். ரயிலில் வரும்போது ஒரு சனம் வாய் திறக்கவில்லை என்று அவரிடம் குறைப்பட்டேன். யாழ்தேவியில் அநுராதபுரம் தாண்டுவதற்குள் பக்கத்துச் சீற்காரரின் மகளுக்கு மாப்பிள்ளையே பார்த்துக் கொடுத்துவிடலாம். இங்கே நான் அக்காவோடு போனில் கதைத்ததற்கே எதிரே இருந்த மனிசன் தன் புத்தகத்தை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். நீ போனில் கதைக்கவில்லை தம்பி, ரயிலுக்கே வகுப்பு எடுத்திருப்பாய் என்றார் அத்தான்.

அக்கா வீடு நாலாம் மாடி. லிஃப்ற் பழுது. சுவிஸிலும் லிஃப்ற் பழுதாகும் என்பதை என் கண்ணால் கண்டு கொஞ்சம் ஆறுதலடைந்தேன். மேலே புட்டு, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, சொதி, முட்டைப்பொரியல் எல்லாம் பரப்பி வைத்திருந்தாள். எங்கள் வீட்டில் இப்போது காலையில் பாணும் சம்பலும்தான். யாழ்ப்பாணத்தில் கிடைக்காத யாழ்ப்பாணச் சாப்பாடு ரெனானில் கிடைக்கிறது.

நடையில் ஒரு பெரிய பாஸ்மதி அரிசிப் பை நின்றது. அதில் என் கால் இடித்ததும் அக்காவுக்கு ஒரு கதை ஞாபகம் வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தான் அந்தப் பையை மாடிக்குத் தூக்கிவந்து வைக்கப் போக, ஆரணி ஓடிவந்து "விடாதேங்கோ அப்பா, அப்பிடியே பிடியுங்கோ" என்றாளாம். மேசைவிளக்கை எடுத்துவந்து அவருடைய கைக்குப் பக்கத்தில் வைத்து, பையின் வாயை அவர் இறுக்கிப் பிடித்திருந்ததை வெகுநேரம் பார்த்தாளாம். அத்தானுக்குக் கை விறைத்துப்போய் வேலைக்கும் பிந்திவிட்டது. என்னத்துக்கு என்று கேட்டால் விளக்கை அணைத்துவிட்டு ஓடிவிட்டாளாம். படித்த பிள்ளைகளின் விசரே தனி என்று அக்கா முடித்தாள். நான் புட்டைக் குழைப்பதில் மும்முரமாக இருந்தேன்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் அத்தான் தன் போனை என்னிடம் நீட்டினார். முகத்தில் மாப்பிள்ளைக் களை. திரையில் ஓர் அழைப்பிதழ். மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே தாமரை. "செல்வி ஆரணி தீட்டிய ஓவியத்தின் அரங்கேற்ற விழா." வரவேற்புரை, தந்தையார். நிகழ்ச்சித் தொகுப்பு, சிவம். அனைவரும் சுற்றமும் நட்பும் சூழ வருக.

எனக்கு ஏறிய கோபத்தில் போனை யன்னலால் எறிந்திருப்பேன். நாலாம் மாடி என்பதால் விட்டேன். எத்தனை பேருக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். ரெனான், லோசான் ஆட்கள் எல்லாருக்கும், டீட்டிகோனில் இருக்கும் தன் தம்பி குடும்பத்துக்கும், கோயில் ஆட்களுக்கும் போயிருக்கிறது. நாற்பது பேருக்குக் குறையாது என்றார். ஆரணிக்குச் சொல்லவில்லை, அவளுக்கு அது சந்தோச அதிர்ச்சியாக இருக்கட்டுமாம்.

அவள் படத்தை வரையவில்லையே, இருநூறு வருடத்துக்கு முன்னால் யாரோ வரைந்ததைப் பழுதுதானே நீக்கினாள், ஏன் தீட்டிய என்று போட்டீர்கள் என்றேன். அத்தானுக்கு அது தெரியாமல் இல்லை. 

"திருத்தினவ எண்டு போட்டால், காரோ திருத்துறா எண்டு சனம் கேக்கும் தம்பி."

அதில் உண்மை இல்லாமலும் இல்லை. அரங்கேற்றம் என்ற சொல் எப்படி வந்தது என்றும் சொன்னார். அவரிடம் இருந்த அழைப்பிதழ் எல்லாமே பரதநாட்டிய அரங்கேற்ற அழைப்பிதழ்கள். ஒன்றை எடுத்து, பேரை மாற்றி, ஆடும் என்று இருந்த இடத்தில் தீட்டிய என்று போட்டிருக்கிறார்.

நீங்கள் இதை ஊரிலிருந்து பார்த்தால் சிரிப்பீர்கள். சுவிஸ் தமிழருக்குப் பிள்ளையின் அரங்கேற்றம் என்பது கலியாணத்துக்குக் கொஞ்சம் கீழே, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே. மண்டபம் எடுத்து, யாழ்ப்பாணத்திலிருந்து நட்டுவனாரை அழைத்து, முந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டு, தகப்பன் மேடையில் ஏறி வரவேற்புரை சொல்லவேண்டும். அத்தான் ஊர் ஊராகப் போய் மற்றவர்களின் பிள்ளைகளுக்குக் கைதட்டியிருக்கிறார். ஆரணியோ எட்டு வயதில் நடன வகுப்பை விட்டவள். வகுப்பில் ஆடாமல் மூலையில் இருந்து ரீச்சரின் சலங்கையைப் படம் கீறியதால் ரீச்சரே அனுப்பிவிட்டா. அன்றிலிருந்து போகிற மண்டபமெல்லாம் அத்தானிடம் ஒரே கேள்வி: உங்கட பிள்ளையின்ரை அரங்கேற்றம் எப்ப? இப்போதுதான் அவருக்குப் பதில் கிடைத்திருக்கிறது. மனிசனைத் திட்ட எனக்கு வாய் வந்தது, மனம் வரவில்லை.

லோசானில் தனியாக இருக்கும் ஆரணி, படத்தைக் காட்டுவதாகப் போனில் சொல்லி மறுநாள் என்னை வரச் சொன்னாள். நான் தனியாகவே வருவேன் என்று வீறாப்புப் பேசிப் புறப்பட்டேன். லோசான் ஒரு செங்குத்தான ஊர். அங்கே மெற்றோவும் மலை ஏறுகிறது, இறங்குகிறது. நான் ஏறவேண்டியவன் இறங்குகிற வண்டியில் ஏறிவிட்டேன். அருங்காட்சியகம் மேட்டில், நான் போய் நின்றது ஏரிக்கரையில். ஏரி நல்ல வடிவாகத்தான் இருந்தது, ஆனால் அதைப் பார்க்கிற மனநிலையில் நான் இல்லை.

திரும்பி ஏறிய வண்டியில் ஒரு வயோதிப மாது நாயோடு இருந்தா. ரிக்கற் பரிசோதகர் வந்ததும் தன் ரிக்கற்றையும் நாயின் ரிக்கற்றையும் எடுத்துக் காட்டினா. நாய் பரிசோதகரை நேரே பார்த்தபடி இருந்தது. எங்கள் சாவகச்சேரி பஸ்ஸில் கோழி, ஆட்டுக்குட்டி, பலாப்பழம் எல்லாம் இலவசம். சில பெடியளும் இலவசம். என் ரிக்கற் நான் வந்த திசைக்கு உரியதோ இல்லையோ என்று தெரியாமல் அதை இரண்டு கையாலும் நீட்டினேன். பரிசோதகர் பார்த்துவிட்டு, இது ஒரு மணிநேரம் எங்கே போனாலும் செல்லும் ஐயா என்று ஆங்கிலத்தில் சொன்னார். நாய்க்கு முன்னால் மானம் போகவில்லை.

ஆரணி வாசலில் நின்றாள். வெள்ளைக் கோட், கழுத்தில் பூதக்கண்ணாடி, தலைமுடி பென்சிலால் கொண்டை போட்டபடி. அவளை நான் இப்படிப் பார்த்ததில்லை. கண்டிப்பான ஒரு வைத்தியரைப் பார்த்த மாதிரி எனக்குக் கதை குறைந்துவிட்டது.

படம் ஒரு சிறிய மண்டபத்தில் தனியே தொங்கியது. நான் நினைத்ததைவிடப் பெரிது, என் கை இரண்டையும் விரித்தாலும் போதாது. ஒடுங்கிய தெரு, ஈரக் கற்கள், ஒரு பக்கம் மஞ்சள் சுவர். வானம் கறுத்துக் கிழியப்போகிறது. வண்டியிலிருந்து கழன்ற குதிரை படத்தின் நடுவில் முன்னங்கால் தூக்கி வருகிறது. பேக்கரிக்காரனின் தட்டுக் கவிழ்ந்து பாண் உருளுகிறது. ஒருவரின் தொப்பி பறக்கிறது, ஒரு பெண்ணின் குடை உட்புறம் வெளியாகத் திரும்பிவிட்டது. மூலையில் முகமெல்லாம் கறுத்த ஒருவன் ஏணியோடு சுவரில் ஒட்டி நிற்கிறான். குதிரையின் குளம்புக்கு நேர் கீழே ஒரு சின்னப் பெட்டை. அவளுடைய கோட்டின் கழுத்தை ஒரு மனிதன் எட்டிப் பிடித்து இழுக்கிறான். பார்த்தவுடன் நானும் ஓர் அடி பின்னால் வைத்தேன்.

இந்தப் படத்தை ஒரு காலத்தில் இந்த ஊர் வியாபாரக் குடும்பம் ஒன்று வாங்கிக்கொண்டு வந்ததாம். பிறகு பரணில் போட்டுவிட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு வந்தபோது வார்னிஷ் தேயிலைச் சாயமாக இருந்தது. வானமா சுவரா என்றே தெரியவில்லை. யார் வரைந்தது என்று கையெழுத்தும் இல்லை. அதைக் கண்டுபிடிக்க உதவுவதற்குத்தான் டென்மார்க் நிபுணர் வருகிறார். அதைவிடக் கேடு, பிள்ளையைப் பிடித்த மனிதனின் கை இருந்த இடத்தில் ஓர் ஓட்டை. உள்ளங்கை அளவு துணியே இல்லை.

எங்கே ஓட்டை என்று கேட்டேன். எனக்குத் தெரியவில்லை. கிட்ட வரச் சொன்னாள். மூக்கு முட்டும் அளவுக்குப் போனபோதுதான் கண்டேன். அந்தக் கை மட்டும் தூரிகை வீச்சாக இல்லை. மயிரிழைபோல நேர்நேரான கோடுகள், ஆயிரக்கணக்கில், பக்கம் பக்கமாக. இரண்டு அடி பின்னால் வந்தால் கோடுகள் போய்க் கை வந்துவிடுகிறது.

"தூரத்தில தெரியக்கூடாது, கிட்டத்தில தெரியவேணும் மாமா. அவர் கீறினது எது, நான் போட்டது எது எண்டு ஆரும் கண்டுபிடிக்கக்கூடியதா இருக்கவேணும். பிறகு வாறவைக்கு இது பிழையெண்டு பட்டால் துடைச்சுப்போட்டுப் புதுசாப் போடலாம். சும்மா கீறி மறைச்சால் அது பொய்."

கரைப்பானில் கரையக்கூடிய நிறத்தையே தேர்ந்தெடுத்திருக்கிறாள். தான் செய்ததை அழிக்க வழி வைத்துவிட்டு வேலை செய்கிற தொழில் உலகத்தில் வேறு எது இருக்கிறது? வகுப்பில் நான் படிப்பித்த எவரும் எனக்கு இப்படிப் பெருமை தந்ததில்லை; அதை அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் சிரித்து, கையைப் போடத்தான் மிகக் கஷ்டப்பட்டதாகச் சொன்னாள். இதே ஓவியத்தின் பழைய அச்சுப்படம் ஒன்றில் கையின் உருவம் மங்கலாக இருந்தது. ஆனால் ஓட்டையின் ஓரத்தில் தப்பியிருந்த பெருவிரல் நுனி, இருக்கக்கூடாத இடத்தில் இருந்தது. எப்படிப் பிடித்தால் பெருவிரல் அங்கே வரும் என்று மாதக்கணக்கில் விளங்கவில்லையாம். பிறகு எப்படி விளங்கியது என்று கேட்பதற்குள் என் வயிற்றுக்குள் கிடந்த மற்றக் கதை வெளியே வந்துவிட்டது. பொய் என்ற சொல்லை அவள் சொன்ன பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

அழைப்பிதழை வாசித்தாள். பிள்ளையாரில் தொடங்கித் தாமரை வரை இறங்கினாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. நாற்பது பேர் வருவது பரவாயில்லை, சமாளிக்கலாம் என்றாள். "தீட்டிய" என்ற சொல்லில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கையெழுத்து இல்லாத படம் மாமா. எல்லாரும் ஆர் கீறினதெண்டு தேடுகினம். அதுக்கு முன்னால என்ரை பேரைப் போட்டால் என்ரை வேலைக்கே அர்த்தமில்லை. இதை ஆராவது போனில மொழிபெயர்த்து வாசிச்சால் நான் எப்பிடி மடத்தின்ரை முகத்தில முழிக்கிறது? அப்பா எல்லாருக்கும் முன்னால இது பிழையெண்டு சொல்லவேணும். இல்லாட்டி நான் கதைக்கமாட்டன்."

மடம் என்று அவள் சொன்னது இயக்குநரை. கொஞ்ச நேரத்தில் அவரிடமே போய் எதையோ கதைத்துவிட்டு வந்தாள். சனம் அதிகம் வருவதால் இரண்டு தரம் பேசச் சொல்லிவிட்டாராம்: முதலில் பிரெஞ்சில், பிறகு தமிழில். தமிழில் பேசவேண்டும் என்றதும்தான் அவளுக்கு உண்மையில் பயம் பிடித்தது. நிறமி, படலம், கித்தான் என்று மத்தியானம் முழுக்கச் சொல் தேடினோம். சாப்பாட்டுக்கு அவள் வாங்கித் தந்தது உருகிய சீஸ். நீட்டு முள்ளுக்கரண்டியில் பாண்துண்டைக் குத்தி முக்கிச் சாப்பிடவேண்டும். என் பாண் இரண்டு தரம் உள்ளே விழுந்து மூழ்கியது. கொஞ்சம் மிளகாய்த்தூள் கேட்டேன். பரிமாறியவர் என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

பின்னேரம் அத்தானிடம் நானே சொன்னேன். அவள் சொன்னதை ஒரு சொல் குறைக்காமல் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு முகம் இறுகியது. நாற்பது பேருக்கு முன்னால் என்னைப் பொய்யன் என்று சொல்லச் சொல்கிறாயோ என்றார். நான் விடவில்லை. நீங்கள் போட்ட ஒரு சொல்லால் பிள்ளையின் வேலை போகலாம், உங்கள் மானத்தைவிட அது பெரிதில்லையோ என்று சத்தம் போட்டேன். கீழ்வீட்டுப் போர்த்துக்கீசக்காரர் தடியால் முகட்டில் தட்டினார். அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தேத்தண்ணியை வைத்துவிட்டுப் போனாள். அத்தான் தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போய் வேட்டியை அயர்ன் பண்ணத் தொடங்கினார்.

விழா நாளன்று காலையிலேயே வானம் கறுத்துவிட்டது. ஏரிப்பக்கமிருந்து காற்று கிளம்பி ஊரைப் புரட்டியது. மெற்றோவால் இறங்கி அருங்காட்சியகத்துக்கு ஏறுகிற கல்தெருவில் நாங்கள் நின்றபோது மழை பக்கவாட்டில் அடித்தது. முன்னால் அத்தான் வேட்டி, கோட். பின்னால் அக்கா கூறைச்சேலை. அதற்குப் பின்னால் சுற்றமும் நட்பும். காஞ்சிபுரங்கள் முழங்காலில் ஒட்டிக்கொண்டன. ஒரு குத்துவிளக்கு, இரண்டு தாம்பாளம், ஒரு முல்லை மாலை. சிவம் அண்ணையின் குடை ஒரே அடியில் உட்புறம் வெளியாகத் திரும்பியது. சிவம் அண்ணையை சுவிஸ் தமிழருக்குத் தெரியாமல் இருக்காது. மைக் இல்லாமலே ஆயிரம் பேருக்குக் கேட்கிற குரல். அந்தக் குரலால் அவர் குடைக்கு ஏசினார். வீதியோரத்தில் நின்ற வெள்ளைக்காரர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு பெண் தன் பக்கத்தில் நின்றவளிடம், இன்றைக்கு இங்கே யாருக்கோ கலியாணம் போலிருக்கிறது, பாவம் என்றாள். அதை அக்காதான் எனக்குத் தமிழாக்கிச் சொன்னாள்.

வாசலில் காவலாளி தடுமாறிப் போனார். முல்லை மாலையை உள்ளே விடவில்லை. பூவோடு பூச்சி வந்தால் படத்துக்குக் கூடாது. குத்துவிளக்கை வாங்கிக் கோட் தொங்கவிடும் அறையில் இலக்கம் போட்டு வைத்தார். நனைந்த குடைகள் ஒரு மூலையில் மலைபோல் குவிந்தன. ஆனால் ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை.

முதல் பேச்சு பிரெஞ்சில். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் அவள் எங்கும் தடுமாறவில்லை என்பது மட்டும் விளங்கியது. டென்மார்க்கிலிருந்து வந்த நெடிய பெண்மணி அடிக்கடி தலையாட்டினா. பிறகு அவர்கள் ஒதுங்க, எங்கள் சனம் படத்துக்கு முன்னால் வந்தது. ஆரணி தகப்பனைப் பார்த்தாள். அத்தான் நிலத்தைப் பார்த்தார். அவள் பேசத் தொடங்காமல் நின்றாள். மண்டபத்தில் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது.

சிவம் அண்ணைக்கு மௌனம் பிடிக்காது. வரவேற்புரைக்குத் தந்தையாரை அழைக்கிறேன் என்று வழக்கமான குரலில் முழங்கிவிட்டார். அத்தான் முன்னால் வந்து கோட்டின் பொத்தானைப் பூட்டினார், கழற்றினார், திரும்பப் பூட்டினார்.

"எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில ஒரு பிழை. பிழையை நான்தான் விட்டது, தெரிஞ்சுதான் விட்டது. இந்தப் படத்தை என்ரை மகள் கீறேல்லை. இது கெட்டுப்போய்க் கிடந்தது, அவ அதைக் காப்பாத்தியிருக்கிறா. உங்களுக்கு அது குறைவாத் தெரிஞ்சிடும் எண்டு நினைச்சு மாத்திப் போட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ. இனி அவவே சொல்லுவா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். முந்தானை நனைந்திருந்ததால் முகம் இன்னும் ஈரமானது. ஆரணி தமிழில் தொடங்கினாள். நாங்கள் தேடிய சொற்களில் பாதி வரவில்லை. கித்தானைத் துணி என்றாள், படலத்தை ஆடை என்றாள், பாலாடை மாதிரி என்றாள். அவை எங்கள் சொற்களைவிட நன்றாக இருந்தன. உண்மையாகச் சொல்கிறேன், என் காலத்தில் நான் கேட்ட பாடங்களில் அதுதான் சிறந்த பாடம்.

பிறகு, இதில் உள்ளங்கை அளவு இடம் தான் போட்டது, முடிந்தால் கண்டுபிடியுங்கள் என்றாள். அவ்வளவுதான். கண்ணாடிகள் வெளியே வந்தன. எல்லாரும் இரண்டு இரண்டு பேராக வரிசையில் வந்து மூக்கை நீட்டினார்கள். காவலாளி கையை விரித்தபடி கூடவே நகர்ந்தார். ஒருவர் குதிரையின் வாலென்றார், இன்னொருவர் பாணென்றார். சிவம் அண்ணை மூலையில் ஏணியோடு நின்ற கறுத்தவனைக் காட்டி, தரங்கம்பாடியை டென்மார்க்காரர்தானே ஆண்டவர்கள், இவன் எங்கட ஆள்தான் என்று அடித்துச் சொன்னார். ஆரணி மிகப் பணிவாக, அது புகைக்கூண்டு துடைக்கிறவன் அங்கிள், முகத்தில இருக்கிறது கரி என்றாள். சிவம் அண்ணைக்கு அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

இயக்குநர் அம்மா டென்மார்க் பெண்மணியிடம் எதையோ சொல்ல, ஆரணி பிறகு எனக்கு அதைச் சொன்னாள். இத்தனை பேர் ஒரு படத்தை இவ்வளவு கிட்டப்போய்ப் பார்த்ததை நான் இங்கே கண்டதில்லை என்றாராம். திங்கட்கிழமை தன் அறைக்கு வரும்படியும் சொல்லியிருந்தார். நான் ஊர் திரும்பிய பிறகு அவளுடைய வேலை நிரந்தரமாகிவிட்டது.

அத்தான் கடைசியாகத்தான் படத்துக்குக் கிட்டப் போனார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். குதிரையைப் பார்த்தார், குளம்புக்குக் கீழே இருந்த பிள்ளையைப் பார்த்தார், பிள்ளையின் கோட்டுக் கழுத்தைப் பிடித்த கையில் வந்து நின்றார். அந்தப் பிடியில் பெருவிரல் வெளியே இல்லை. மற்ற விரல்களுக்கு உள்ளே மடிந்திருந்தது. அத்தான் தன் வலக்கையை மெல்லத் தூக்கினார். காற்றில் எதையோ பிடிப்பதுபோல விரல்களை மடித்தார். பெருவிரல் தானாக உள்ளே போனது.

மகளிடம் திரும்பினார். அவருக்கும் குரல் இறக்கிக் கதைக்கத் தெரியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"அரிசிப் பையோ?"

"ஓம் அப்பா" என்றாள் ஆரணி.

அத்தான் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது மெற்றோ முழுக்க எங்கள் சனம். நனைந்த சேலை, இலக்கம் கொடுத்து மீட்ட குத்துவிளக்கு, கொஞ்சம் வாடிய முல்லை மாலை. மாலை இப்போது ஆரணியின் கழுத்தில். வண்டிக்குள் ஒரு வெள்ளைக்காரரும் புத்தகம் வாசிக்கவில்லை. வாசிக்க நாங்கள் விடவில்லை. எல்லாரும் எது அவள் செய்த இடமென்று இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். சிவம் அண்ணை பெட்டியின் மற்றக் கோடியிலிருந்து, தகப்பன்காரனுக்குத் தெரியாமலோ இருக்கும், எந்த இடமென்று நீங்கள் சொல்லுங்கோ என்று கூப்பிட்டுக் கேட்டார். பெட்டியே அத்தானைப் பார்த்தது.

அத்தான் மேல்கம்பியை இறுக்கிப் பிடித்து நின்றார். பெருவிரல் உள்ளே.

"தெரியேல்லை அண்ணை" என்றார். "அவ்வளவு நல்லாச் செய்திருக்கிறா."

மூன்று நாளுக்குள் நான் கண்டுபிடித்த அத்தானின் இரண்டாவது பொய் இது. இதை நான் திருத்தப் போகவில்லை.